40 தாள், 6 நொடி, ஒரு இஷிசாகி

கேப்டன் த்சுபாசா என்ற ஜப்பானியக் கால்பந்துத் தொடரில் இஷிசாகி ரியோ என்று ஒரு தடுப்பாட்டக்காரன் உண்டு. காலால் நிறுத்த முடியாத பந்தை முகத்தைக் கொடுத்து நிறுத்துகிறவன். அந்த முகத்தடுப்பைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, ஆறு நொடி ஓடும் துண்டுப் படமாகச் செய்து முடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே உட்கார முடிந்ததால் மூன்று மாதம் ஆனது. முதலில் செய்ததைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். அது ஏன் சரியாக வரவில்லை என்று தேடிப் போனதில்தான் இஷிசாகியை எனக்குப் புரிந்தது. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

அவனைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். தகாஹாஷி யோய்ச்சி 1981இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை இது. 1983 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்து 128 பகுதிகள் ஓடியது. ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக் ஆட்டங்கள் தொடங்கியதே 1993இல்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பே பள்ளிப் பிள்ளைகளைப் பந்தின் பின்னால் ஓடவைத்த கதை. கதை தொடங்கும்போது நான்கட்சு தொடக்கப்பள்ளி அணிக்கு இஷிசாகிதான் கேப்டன். ஷூதெட்சு பள்ளியிடம் தோற்றுக்கொண்டே இருக்கும் அணி. அங்கே கோல் காக்க வாகாபயாஷி நிற்கிறான், இங்கே இவனிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வீட்டில் நடத்துவது பொதுக்குளியல் நிலையம். அப்புறம் த்சுபாசா வந்து சேர்கிறான், கதை அவனுடையதாகிவிடுகிறது.

நம் தெரு ஆட்டத்தில் ஆள் குறைந்தால் ஒருவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, த்சுபாசா பக்கத்தில் இஷிசாகியைப் பார்க்கும்போது முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அணித் தேர்விலும் அவன் பெயர் எப்படியோ இருக்கும், ஜப்பான் இளையோர் அணி வரைக்கும். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அவனுக்குப் புரூஸ் ஹார்ப்பர் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயரிலும் பிள்ளைகள் அவனைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்தத் தொடரில் அவன்தான் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் விளக்குப்பெட்டி. ஒரு தாளின் மேல் அடுத்த தாளை வைத்து, கீழே இருக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரைய வேண்டும். அதற்கு அடியிலிருந்து வெளிச்சம் வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டில் 45க்கு 35 செ.மீ. பெட்டி அடித்து, மேலே 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக் போட்டேன். உள்ளே 12 வோல்ட் எல்ஈடி பட்டை, மீட்டருக்கு 4.8 வாட் வகை. அதை 5 செ.மீ.க்கு ஒருமுறை குறி போட்டிருக்கும் இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும், ஏனென்றால் மூன்று மூன்று பல்பாகச் சேர்த்து ஒரு சுற்று. 30 செ.மீ. துண்டுகள் ஆறு. மொத்தம் 9 வாட்டுக்குள் அடங்கியதால் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரே போதும். பற்றவைத்து இணைத்ததில் ஒரு துண்டு மட்டும் எரியவில்லை. பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தன. திருப்பிப் போட்டதும் எரிந்தது.

பெட்டியின் ஆழத்தை 4 செ.மீ. வைத்தது தவறு. தாளின் அடியில் புள்ளி புள்ளியாக எல்ஈடி தெரிந்தது, பென்சில் கோடு எது, புள்ளியின் விளிம்பு எது என்று கண் தடுமாறியது. மரச் சட்டம் வைத்து ஆழத்தை 8 செ.மீ. ஆக்கி, உள்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்து, அக்ரிலிக்கின் அடியில் ஒரு பட்டர் பேப்பரும் ஒட்டினேன். வெளிச்சம் சமமாகப் பரவியது.

அடுத்தது தாள்களை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தும் பட்டை. அனிமே என்கிற ஜப்பானிய அசைபடம் செய்யும் ஸ்டுடியோக்களில் இதற்கு மூன்று முளை இருக்கும். நடுவில் உருண்டையாக ஒன்று, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொன்று. அதன் பெயர் 'தப்பு'. தாள் நகராமல், தப்பே நடக்காமல் பார்த்துக்கொள்ளும் சாமானுக்கு இப்படி ஒரு பெயர், நம் காதில் விழும்போது. நான் அதை வாங்கவில்லை. ஆபீஸில் பயன்படுத்தும் சாதாரண இரட்டைத்துளை பஞ்சே போதும். அதன் துளைகள் 6 மி.மீ. விட்டம், நடுவிலிருந்து நடுவுக்கு 80 மி.மீ., பெரும்பாலான நாடுகளில் இதே அளவு. அந்தக் கணக்கில் ஒரு மரப்பட்டையில் 6 மி.மீ. போல்ட் இரண்டை நிறுத்தினேன். மரைப் பல் தாளின் துளையைத் தின்றது. பத்துத் தடவை மாட்டிக் கழற்றியதும் துளை பெரிதாகி, படம் ஒரு மில்லிமீட்டர் ஆடத் தொடங்கியது. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஓடவிட்டால் ஆளுக்குக் குளிர் நடுக்கம் வந்த மாதிரி இருக்கும். போல்ட்டை எடுத்துவிட்டு 6 மி.மீ. மரக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி ஒட்டினேன். பாழான தாள்களின் துளைமேல் பேப்பர் டேப் ஒட்டி, நல்ல தாள் ஒன்றை அடியில் வைத்து மறுபடி துளையிட்டேன். ஐந்து தாளைச் சேர்த்துப் பஞ்ச் செய்யாதீர்கள். கீழே போகும் தாள் நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகச் செய்தால்தான் துல்லியம்.

இனி இஷிசாகி. முன்பக்க முகம் எளிது: உருண்டை முகம், ஒட்ட வெட்டிய முடி, அகல வாய். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் தலை எப்படித் திரும்பும் என்பதில்தான் தடுமாறினேன். தோக்கியோவின் கட்சுஷிகா வட்டாரம் தகாஹாஷி பிறந்து வளர்ந்த இடம். அங்கே யோட்சுகி பகுதியைச் சுற்றி இந்தப் பாத்திரங்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று இஷிசாகிக்கு. அதைப் பல பக்கங்களிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பின்மண்டையும் காதும் கழுத்தும் சேரும் இடத்தைப் பிடித்தேன். நாயகனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு ஊர் சிலை வைத்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

திரைப்படம் போலவே அனிமேயும் நொடிக்கு 24 ஃபிரேம். ஆனால் 24 படமும் வரைவதில்லை. ஒரு படத்தையே மூன்று ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு எட்டுப் படம் போதும். தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். வேகமான இடத்தில் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று, மிகச் சில இடங்களில் ஃபிரேமுக்கு ஒன்று. எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்பதை டைம்ஷீட் என்ற கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொள்வார்கள்.

நான் முதலில் டைம்ஷீட்டே எழுதவில்லை. நான்கு நொடி, எல்லாப் படமும் மூன்று மூன்று ஃபிரேம் என்று நேராக இறங்கிவிட்டேன். பந்து பறந்து வருவதற்கு 9 தாள். முகத்தில் படுவதற்கு 4. அவன் பின்னால் பறந்து விழுவதற்கு 14. தரையில் கிடப்பது ஒன்று, அதைப் பதினைந்து ஃபிரேம் நிறுத்தினேன். 28 தாள். அடிபட்ட முகத்தை ரசித்து வரைந்தேன்: மூக்கு அமுங்கி, கன்னம் ஒரு பக்கம் ஒதுங்கி, வாய் கோணி. ஒவ்வொரு தாளாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது.

ஓடவிட்டுக் காட்டினேன். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, இவன் ஜோக்கரா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள்மேல் குற்றமில்லை, திரையில் இருந்ததைத்தான் பார்த்தாள். சும்மா நிற்கிறான், எங்கிருந்தோ பந்து வருகிறது, முகத்தில் படுகிறது, விழுகிறான். தெருவில் போகிறவன்மேல் தேங்காய் விழுந்த மாதிரி. தொடரிலும் இஷிசாகியை வைத்துச் சிரிக்கவைக்கும் இடங்கள் நிறைய உண்டு. ஆனால் முகத்தடுப்பில் அவன் சிரிப்புக்கு அப்பால் போய்விடுகிறான். அந்தப் பகுதி என் தாள்களில் எங்குமே இல்லை.

ஒரு வாரம் பென்சிலைத் தொடவில்லை. அடிபட்ட முகத்தில் இன்னும் வலி காட்ட வேண்டுமோ என்று முதலில் நினைத்தேன். அதில்லை என்று ஒரு சின்னக் கணக்கு போட்டபோது தெரிந்தது. பந்தின் வேகம் சரியா என்று பார்க்கத்தான் அந்தக் கணக்கையே தொடங்கினேன். மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், பலமாக உதைக்கும் ஆட்டக்காரனுக்கு அது சாதாரணம். நொடிக்கு ஏறக்குறைய 27.8 மீட்டர். ஒரு ஃபிரேமுக்கு 1.16 மீட்டர். உதைக்கிறவன் ஏழு மீட்டர் தூரத்தில் நின்றால் பந்து முகத்துக்கு வர ஆறே ஃபிரேம். கால் நொடி. நான் அதற்கு 27 ஃபிரேம் கொடுத்திருந்தேன், அதனால்தான் பந்து பலூன் மாதிரி மிதந்து வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கால் நொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று உறைத்தது. ஒன்றைக் கண்ணால் பார்த்து, அதற்கு உடம்பு அசைவதற்கே மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிவிடும். அப்படியானால் பந்து கிளம்பிய பிறகு இஷிசாகி எதையும் முடிவு செய்திருக்க முடியாது. விலகவும் நேரமில்லை, குறுக்கே பாயவும் நேரமில்லை. பந்து அவன் முகத்தில் படுகிறதென்றால், எதிராளி காலைப் பின்னால் இழுக்கும்போதே அவன் அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டான் என்று பொருள். முகத்தடுப்பு பந்து வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நான் நடந்து முடிந்த பிறகு வரையத் தொடங்கியிருக்கிறேன்.

1983 தொடரில் ஒரு ஷாட்டை நிமிஷக்கணக்கில் இழுப்பார்கள். ஒரே படத்தை நிறுத்திவைத்து, பின்னணியில் வேகக் கோடுகளை மட்டும் ஓடவிட்டு, அவன் மனதில் நினைப்பதையெல்லாம் குரலாகக் கேட்கவைப்பார்கள். படங்களை மிச்சம் பிடிக்கும் வழி அது என்பது உண்மைதான். நான் அதை அவ்வளவாக மதித்ததில்லை. இந்தக் கணக்குக்குப் பிறகு போய்ப் பார்த்தால், உதைக்கும் காலுக்கு முன்னால் அந்த இழுப்பு இருக்கும் இடமெல்லாம் ஆட்டக்காரன் முடிவெடுக்கும் இடமாக இருக்கிறது. என்னிடம் குரல் இல்லை, வசனம் இல்லை. தாள்தான் இருக்கிறது. அதனால் அந்த நேரத்தைத் தாளாகக் கொடுக்க வேண்டும்.

இந்த முறை டைம்ஷீட் போட்டேன். ஜப்பானில் ஒரு தாள் டைம்ஷீட்டில் ஆறு நொடி, அதாவது 144 ஃபிரேம் அடங்குவது வழக்கம். சரி, அந்த ஒரு தாளுக்குள் எல்லாவற்றையும் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பந்து கிளம்புவதற்கு முன்னால் 10 படம், 39 ஃபிரேம். முதலில் எதிராளியின் காலைப் பார்க்கிறான். எதிராளியை முழுதாக வரையவில்லை, சட்டத்தின் ஓரத்தில் பின்னால் போகும் முழங்கால் மட்டும். இஷிசாகி அரை அடி பக்கவாட்டில் நகர்கிறான். இடது காலை ஊன்றுகிறான். இடுப்பு கீழே இறங்குகிறது. அந்த ஊன்றிய நிலையை மட்டும் அரை நொடி நிறுத்தினேன். இமையை எங்கே மூடவைப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் மூடவே இல்லை, பந்து படும் படம் வரை கண் திறந்தே இருக்கிறது. யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும் என்று தெரியும். ஆனாலும் இஷிசாகிக்கு அது திறந்திருக்க வேண்டும் என்று என் மனதுக்குப் பட்டது.

பந்து வருவதற்கு இரண்டே படம், ஆறு ஃபிரேம். இரண்டிலும் பந்தை உருண்டையாக வரையாமல் வந்த திசையில் நீட்டி இழுத்தேன். படும் இடத்துக்கு மூன்று படம், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். உண்மையில் பந்து தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு ஃபிரேமில் பாதிகூட வராது, ஆகவே இந்த மூன்றே கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் நூலளவு மட்டும் மாறுபடும் இரண்டு படங்களை மாற்றி மாற்றி ஆறு ஃபிரேம், அந்த அதிர்வு வர. விழுவதற்கு ஐந்து படம், இரண்டு இரண்டு ஃபிரேமாக. 14 தாளில் பறந்தவன் இப்போது ஐந்து தாளில் பொத்தென்று விழுகிறான். அந்த ஒரு மாற்றத்திலேயே தேங்காய் விழுந்த உணர்வு பாதி போய்விட்டது.

தரையில் கிடப்பது ஒரு படம், 20 ஃபிரேம்.

மிச்சமெல்லாம் எழுந்திருப்பதற்கு. 16 படம், இரண்டு நொடி. முழுப் படத்தில் இதுதான் அதிகத் தாள் தின்ற இடம், இதில்தான் எனக்கு மனசும் அதிகம் போனது. எழுந்திருப்பதை மனதில் நினைத்து வரைந்தால் எல்லாரும் ஒரே மாதிரி, பொம்மை நிமிர்வது போல நிமிர்கிறார்கள். மொட்டை மாடியில் பாய் விரித்து, கைபேசியை ஓடவிட்டு, நானே குப்புறப் படுத்து எழுந்து பார்த்தேன். முதலில் உள்ளங்கை தரையைத் தேடுகிறது. பிறகு முழங்கை விலகித் தோள் மேலே வருகிறது. இடுப்பு அதற்கப்புறம்தான். தலை கடைசி வரை தொங்கியே இருக்கிறது. மூக்கில் வலி இருப்பவன் முகத்தை இன்னும் தாமதமாகத்தான் தூக்குவான். அதனால் அவன் ஒரு முட்டியில் வந்து நிற்கும்வரை முகத்தைக் காட்டவே இல்லை.

இதில் முக்கிய நிலைகள் ஐந்து. அவற்றை முதலில் வரைந்துவிட்டு, இடைப்படங்களை எங்கே நெருக்கமாக, எங்கே தள்ளி வைப்பது என்று ஓரத்தில் ஒரு சின்னக் கோட்டில் குறித்துக்கொண்டேன். ஜப்பானில் இந்த நெருக்கத்தை 'த்சுமே' என்பார்கள். முழங்கை தூக்கியதிலிருந்து நாலு காலில் நிற்கும் நிலைக்கு ஐந்து இடைப்படம். முட்டியிலிருந்து நிமிர்வதற்கு ஒன்றே ஒன்று. கனமெல்லாம் அந்த நடுவில் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் உடம்பு சட்டென்று எழுந்துவிடும். முதலில் சமமாகப் பிரித்துப் பார்த்தேன், லிஃப்டில் ஏறுவது போல வந்தது. நெருக்கி வைத்த பிறகுதான் உடம்புக்கு எடை வந்தது. கடைசியில் நிற்கும் படம் ஒன்று, 12 ஃபிரேம். எல்லாம் சேர்த்து 40 தாள்.

படமெடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன், மேகம் போகப்போக ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு நிறத்தில் வந்தது. இரவில், இரண்டு மேசை விளக்கை இரு பக்கமும் சாய்த்து வைத்து எடுத்ததில் அது தீர்ந்தது. கைபேசி கேமரா ஒவ்வொரு தாளுக்கும் வெளிச்சத்தைத் தானாக மாற்றிக்கொண்டது, அந்த அளவைப் பூட்டிவிட்டேன். தாள் சுருள்வதைத் தடுக்க மேலே கண்ணாடி வைத்தால் அதில் கைபேசியே தெரிந்தது. கறுப்புச் சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு இடையில் மாட்டினேன், பிம்பம் மறைந்துவிட்டது.

மறுபடி அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பந்து வரும் முன்பே "ஐயோ" என்றாள். கால் ஊன்றி நிற்கும் அந்த அரை நொடியில்தான் அது வந்தது. இரண்டாம் தடவை ஓடவிட்டபோது, "தெரிஞ்சேதான் நிக்கிறான், இல்ல மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். அவளும் பள்ளியில் பந்து விளையாடுகிறவள் என்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வைத்தேன்: இது கதையில் வரும் இஷிசாகிக்கு மட்டும். நிஜப் பந்து ஒன்று 400 கிராமுக்கு மேல். தலையில் பலமாகப் பட்டால் மூளை அதிர்ச்சி வரும், பட்ட ஆள் உடனே ஆட்டத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். தடுக்க நெஞ்சும் தொடையும் இருக்கின்றன. சரி மாமா என்றாள், மூன்றாம் தடவை ஓடவிடச் சொன்னாள்.

அந்த மூன்றாம் தடவையில்தான் கவனித்தேன், முட்டியில் வந்து முகத்தைத் தூக்கும் இடத்தில், 38ஆம் தாளில் இடது காதை வரைய விட்டிருக்கிறேன். மூன்று ஃபிரேம்தான், எட்டில் ஒரு பங்கு நொடி. அவள் கண்ணில் படவில்லை. தாளை எடுத்து மறுபடி முளையில் மாட்டி வைத்திருக்கிறேன், 37ஐயும் 39ஐயும் அடியில் வைத்து. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காது.